பேர் இறங்கிப்போன கிடார்

2018ஆம் வருடம் ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நஞ்சுண்டனின் இசைக்கருவிக் கடையில் மாட்டியிருந்த கிடாரிலிருந்து ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியின் பெயர் இறங்கி நடந்துபோனது. பொன்னிற எழுத்துகள், மொத்தம் எட்டு. முதல் எழுத்து மற்றவற்றைவிடப் பெரியது என்பதால் அது முன்னால் போயிற்று. கிடார் வாங்க வந்திருந்த பீளமேட்டுக் கல்லூரி மாணவி பிரத்யுஷாதான் முதலில் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, பேரு எறங்கிப் போகுதுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அன்றைக்கு உழவர் சந்தையில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய்.

எழுத்துகள் அவிநாசி ரோட்டைப் பிடித்து, சிக்னலில் பச்சை விழும்வரை நின்று, விமான நிலையத்தைப் பார்த்துப் போயின. வேறு ஊராக இருந்தால் கூட்டம் கூடி மிதித்தே கொன்றிருப்பார்கள். நம் ஊரில் பைக்காரர்கள் பிரேக் அடித்து, "பாத்துப் போங்க" என்று எழுத்துக்கும் ஒரு 'ங்க' போட்டு வழிவிட்டார்கள். விமான நிலைய வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்டார். இல்லை. நான்கு நாள் வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டு, அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன ஒரு குடும்பத்தின் ஊறுகாய்ப் பையில் ஏறிக்கொண்டன. எந்த ஊரில் விமானம் மாறின என்பதற்குத் தகவல் இல்லை.

அந்தக் கிடாரைச் செய்தவர் ஊரின் வடக்கே கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் ரிஃபத் என்ற பெண்மணி. அப்போது வயது நாற்பத்தொன்று. கிடார் வாசிக்கத் தெரியாது, இன்றுவரை தெரியாது. அவர் பேட்டர்ன் செய்கிறவர். பம்பையோ கிரைண்டரையோ பவுண்டரியில் வார்ப்பதற்கு முன்னால், மண்ணில் பதித்து அச்செடுக்க அதே உருவத்தை மரத்தில் செய்துகொடுக்க வேண்டும். அதுதான் பேட்டர்ன். இந்த ஜில்லாவில் தண்ணீர் இறைக்கும் பம்புகளில் பாதி, அவருடைய அப்பா அப்துல் முத்தலிப் கையிலோ அவர் கையிலோ ஒருதரம் மரமாக இருந்தவைதான். இதை ரிஃபத் எங்கேயும் சொல்லிக்கொள்ள மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

முந்தின வருடம் நஞ்சுண்டன் ஒரு நிஜ அமெரிக்கக் கிடாரைக் கொண்டுவந்து வைத்து, இதேபோல் செய்துதர முடியுமா என்று கேட்டார். பம்பு உள்ளே ஓடும் தண்ணீரின் வளைவையே மரத்தில் பிடிக்கிறவருக்கு இது என்ன பெரிய காரியம்? ரிஃபத் சாதா ஸ்கேலால் அளந்தார். ஆனால் பலகையில் கோடு போடும்போது கைப்பழக்கத்தில் பேட்டர்ன் ஸ்கேலை எடுத்துவிட்டார். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால், அந்த ஸ்கேலில் கோடுகள் நூற்றுக்கு ஒன்று தள்ளித் தள்ளியே இருக்கும். மரம் சுருங்கவா போகிறது? ரிஃபத்தின் கிடார் அசலைவிடக் கொஞ்சம் பெரிதாகவே நின்றுவிட்டது. தப்பு தெரிந்தபோது பன்னிரண்டு முடிந்திருந்தன. வாசித்துப் பார்த்தவர்களோ, இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதேயில்லை என்றார்கள். தப்பை அப்படியே வைத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் நஞ்சுண்டன் பொன்னெழுத்து ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்தார். கம்பெனிப் பெயர் இருந்தால்தான் விற்குமாம். ரிஃபத்துக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. பேட்டர்ன் மேல் கம்பெனிக்காரர்களின் பெயரை ஈய எழுத்தில் பதித்தே பழகிய கை. தன் பெயரை எதிலும் பதித்ததில்லை, பதிக்கலாம் என்று நினைத்ததும் இல்லை. கணவர் ஷாஹுல் மட்டும் ஒருநாள் மதியச் சாப்பாட்டில், "பம்புக்காரரு வந்து கேட்டாரு, அவரு பேர வெச்ச. இந்த அமெரிக்காக்காரரு எப்ப வந்து கேட்டாரு?" என்றார். "சாப்பிடுங்க, பருப்பு ஆறுது" என்று ரிஃபத் பேச்சை முடித்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு நஞ்சுண்டன் ஸ்டிக்கருக்கு மேல் வார்னிஷ் அடித்துப் பார்த்தார், பித்தளையில் வெட்டிப் பதித்துப் பார்த்தார், சூடு போட்டும் பார்த்தார். எழுத்துகள் போய்க்கொண்டேதான் இருந்தன. ஒரு மாதத்தில் சூட்சுமம் பிடிபட்டது. பக்கத்தில் நின்று 'இது ஒரிஜினல்' என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் அவை இறங்கின. சொல்லாதவரை பேசாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. நஞ்சுண்டன் அந்த வார்த்தையைக் கைவிட்டார், ஸ்டிக்கரைக் கைவிடவில்லை. கேட்டவர்களிடம், "நீங்களே பாத்துக்குங்க" என்று சிரித்துவைத்தார். அப்படி இருபத்தேழு கிடார் விற்றன. ரிஃபத்துக்கும் அது தெரியும், தெரிந்தும் ஒட்டிக்கொடுத்தார். அதை மறைத்து எழுதுவது முறையல்ல.

இருபத்தேழில் ஒன்றை வாங்கியவர் மேட்டுப்பாளையம் ஆரோக்கியதாஸ். மில்லில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர், கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிப்பவர். ஓய்வுப் பணத்தில் தனக்கென்று அவர் வாங்கிய ஒரே பொருள் அது. ஈஸ்டரன்று உயிர்ப்பு விழாத் திருப்பலியில் ஊரே நிறைந்திருந்தபோது, பங்குச்சாமியார் பெருமையோடு மைக்கில் அறிவித்தார்: "நம்ம ஆரோக்கியதாஸ் இன்னிக்கு வாசிக்கப்போறது, அமெரிக்காவுல இருந்து வந்த ஒரிஜினல் கிடாருங்க!" சொல்லி முடிப்பதற்குள் எட்டு எழுத்தும் இறங்கின. பீடத்தின் படிகளில் ஒவ்வொன்றாகக் குதித்து, நடுப்பாதை வழியாக வெளியே போய், கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டன. எட்டு டிக்கெட்டா ஒன்றா என்று குழம்பிய கண்டக்டர் கடைசியில் லக்கேஜ் என்று கணக்கில் வைத்தார். கோயிலில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் ஆரோக்கியதாஸுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவர் கடையில் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும், ஏதாவது சொல்லிச் சமாளிக்கும் எண்ணத்தை நஞ்சுண்டன் விட்டார். தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக் கணபதிக்கு அழைத்துவந்தார். திட்டு விழப்போகிறது என்று ரிஃபத் உளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ஆரோக்கியதாஸ் திட்டவில்லை. கிடாரைப் பட்டறை மேசையில் படுக்கவைத்தார்.

"நீங்க செஞ்சதுங்களா அம்மணி?"

"நான்தானுங்க."

"சத்தத்துல ஒரு கொறையும் சொல்ல மாட்டேனுங்க. ஆனா யாரோடதுன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது? அவங்க பேரு போயிருச்சு, உங்க பேரும் இல்ல. பேரு வெக்காத கொழந்தையாட்டம் இருக்குதுங்க. இத எப்படிங்க நான் கோயிலுக்குள்ள கொண்டுபோறது?"

ரிஃபத்துக்குக் காது சுட்டது. இத்தனை வருடத்தில் அவர் செய்த ஒன்றைக் கொண்டுவந்து, 'உங்கள் பெயர் எங்கே' என்று யாரும் கேட்டதில்லை. வெட்கம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் ஏறிக்கொண்டு வந்தது. ஈய எழுத்துப் பெட்டியைத் திறந்தார். எல்லாம் ஆங்கில எழுத்து. பெட்டியை மூடிவிட்டு, ஒரு துண்டு பலாப்பலகையை எடுத்துப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார்.

நஞ்சுண்டனுக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங் அம்மணி, உங்க பேரப் போட்டா யாருங்க வாங்குவா? பெங்களூர்க்காரர் நாப்பது கிடார் சொல்லியிருக்காரு. அந்தக் கம்பெனிப் பேரில்லைன்னா ஆர்டர் போயிருமுங்க. பட்டறையே அத நம்பித்தானுங்க இருக்குது."

"போகட்டுமுங்க" என்றார் ரிஃபத். "செஞ்சது நானு. அவங்க வந்து எங்க பேரப் போடுன்னு கேக்கலீங்க. இனி ஒட்ட மாட்டேன்."

'ரிஃபத், கணபதி' என்று செதுக்கிக் கிடாரின் தலையில் பதித்துக் கொடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. அடுத்த ஞாயிறு பங்குச்சாமியார் ஜாக்கிரதையாக, "ஒரு கிடார்" என்று மட்டும் சொன்னார். ஆரோக்கியதாஸ் எழுந்து மைக்கை வாங்கினார். "இது கணபதியில ரிஃபத் அம்மணி செஞ்சதுங்க. ஒரிஜினல்!" கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடாரின் தலையைப் பார்த்தது. ஓர் எழுத்தும் அசையவில்லை. அன்றைய பாட்டின் சத்தம் பவானி ஆற்றுக்கு அக்கரையில் கேட்டதாகச் சொல்கிறார்கள். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் விசாரித்தேன், கேட்டதாம்.

நாற்பது கிடார் ஆர்டர் சொன்னபடியே போனது. ஏழு மாதம் ரிஃபத் பம்புப் பேட்டர்னே செய்து பட்டறையை ஓட்டினார். ஷாஹுல் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு, பீளமேட்டில் பிரத்யுஷாவின் கல்லூரியிலிருந்து ஐந்து என்று கேட்டு வந்தார்கள். கொரோனா வந்து போனது. இருபத்திரண்டில் நஞ்சுண்டன் தன் கடைமுகப்பில் 'கணபதி கிடார் இங்கே கிடைக்கும்' என்று போர்டே வைத்துவிட்டார். இப்போதெல்லாம் 'ஒரிஜினலுங்க' என்று அவர் வாய் ஓயாமல் சொல்கிறார், பாவம், எவ்வளவு நாள் அடக்கிவைத்திருந்தாரோ.

2024 மார்ச்சில் ஒரு புதன்கிழமை, காலை டீ நேரத்தில், விமான நிலையப் பக்கமிருந்து ஒரு வரிசை எழுத்துகள் கணபதிக்கு நடந்து வந்தன. பட்டறை வாசலில் நின்றன. மேலெல்லாம் தூசி. 'ரிஃபத், கணபதி' என்று இருந்தது. ஃ மட்டும் மூன்று புள்ளியாகப் பிரிந்து, களைத்துப்போய்க் கடைசியில் உருண்டு வந்தது. ரிஃபத்தின் கைவேலை இல்லை அவை. எந்திரத்தில் வெட்டியவை. கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில், எவனோ இவருடைய கிடாரைப் பார்த்து அதேபோல் செய்து, இவர் பெயரை ஒட்டி, ஒரிஜினல் என்று சொல்லி விற்றிருக்கிறான்.

ஷாஹுல் கொதித்துப்போனார், கேஸ் போட வேண்டும் என்றார். ரிஃபத் வாசற்படியில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது. "அங்க வரைக்குமாங்க எம்பேரு போயிருக்கு!" என்றார். முந்தானையை விரித்து, "வாங்க கண்ணு, வாங்க" என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டினார். அன்றைக்கு அந்தத் தெருவில் அவரைவிடத் தலை நிமிர்ந்து நடந்தவர் யாருமில்லை.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு மூன்று வரிசை வந்துகொண்டிருக்கிறது. ஈய எழுத்துப் பெட்டியைக் காலி செய்து அவற்றுக்குக் கொடுத்திருக்கிறார். முன்னைப்போலக் கிடார் கிடாராக எழுத்துச் செதுக்கும் வேலை ரிஃபத்துக்கு இப்போது இல்லை. வருவதை எடுத்து ஒட்டினாலே போதுமாக இருக்கிறது.