திரை ஓரத்தில் வந்த பதில்

ஏலப்பாறைக்கு மேலே இருக்கும் தேயிலை எஸ்டேட் ஆபீசில் டின்சி கிளார்க். போனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற மென்பொருளைப் போன மாதம்தான் போட்டிருந்தாள். போனுக்கு வருகிற படம், செய்தி எல்லாம் பெரிய திரையிலேயே வந்துவிடும். மேனேஜருக்குத் தெரியாமல் தோழி ஜின்சியோடு அரட்டையும் அடிக்கலாம்.

அன்று விடாத மழை. கொழுந்தெடுக்கும் புஷ்பமேரி நொண்டிக்கொண்டே வந்தாள். அட்டை கடித்த இடம் சீழ்பிடித்து, காலில் கட்டுப் போட்டிருந்தாள். லீவுக்குக் காட்ட வேண்டிய ஆஸ்பத்திரிச் சீட்டை அவள் மகன் படமெடுத்து டின்சியின் போனுக்கு அனுப்பியிருந்தான்.

"உக்காருங்கக்கா. இப்ப எடுத்துருதேன்."

நனைந்த கால்கட்டிலிருந்து வாடை வந்தது. டின்சி மேசைக்கடியில் போனை வைத்து ஜின்சிக்கு ஒரு வரி தட்டிவிட்டாள். பிறகு சீட்டின் படத்தைப் பெரிதாக்கி, திரையைப் புஷ்பமேரி பக்கம் திருப்பினாள்.

"பேரு சரியா இருக்கான்னு பாருங்க."

புஷ்பமேரி குனிந்து வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரை ஓரத்தில் ஜின்சியின் பதில் வந்து விழுந்தது. 'அந்த நாத்தக்கால் இன்னும் போகலையா? மூக்கப் பொத்திக்க.' கூடவே சிரிக்கிற முகங்கள்.

டின்சி பதறி மௌசை அமுக்கினாள். மறைவதற்குப் பதில், இருவரும் பேசியது முழுக்க விரிந்தது. 'பக்கத்துல புஷ்பமேரி. கால் நாத்தம் குடலப் புடுங்குது' என்று அவள் எழுதியதும் அங்கே இருந்தது.

புஷ்பமேரி சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"பேரு சரிதான். ஒப்பு எங்க போடணும்?"

கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். டின்சி குடையோடு பின்னால் ஓடினாள்.

"அக்கா, நான்..."

"நனையாத. ஆபீசுக்குப் போ."

டின்சியின் அம்மாவும் அதே மலையில் கொழுந்தெடுத்தவள்தான். அம்மாவின் காலுக்கு எத்தனையோ முறை மருந்து வைத்துக் கட்டியிருக்கிறாள். அந்தக் கைதான் இதை எழுதியது. திரும்பி வந்து போனின் இணைப்பைத் துண்டித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புஷ்பமேரி தனியாக நடக்கும்வரை காத்திருந்து, பக்கத்தில் போனாள்.

"நான் எழுதுனது தப்புக்கா. மன்னிச்சிருங்க."

புஷ்பமேரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சரி பிள்ள. அடுத்த சீட்ட மகன்கிட்ட குடுத்து விடுதேன். நான் அங்க வரல."

டின்சி தலையாட்டினாள். முன்னால் நொண்டிப் போகும் அவளைத் தாண்டிப் போக மனம் வராமல், பாதையோரமாகவே நின்றாள்.