ஆணிமேல் போட்ட பழி

1

இந்தக் கதை என் தம்பி யுங்-சுன் வீட்டில் திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தைவானில், சிஞ்சு நகரில் ஒரே கட்டடத்தில் அவன் மேல்மாடி, நான் கீழ்மாடி, திருட வசதி.

தொடக்கம்: 'கர்ப்பிணி இருக்கும் அறையில் யுங்-சுன் ஆணி அடித்தபோது, கருவைக் காக்கும் தெய்வம் கோபம்கொண்டு...'

வேண்டாம். தம்பியை மூடநம்பிக்கைக்காரன் என்று நினைத்துவிடுவீர்கள். அவன் சிப் தொழிற்சாலைப் பொறியாளன். கர்ப்பிணி அறையில் ஆணி அடிக்காதே என்று அம்மா தடுத்தபோது, சிரித்துக்கொண்டே அடித்தவன்.

2

இப்படித் தொடங்கலாம்: அவன் மனைவி யா-லினுக்கு ஏழாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. கர்ப்பத்தில் அவளுக்கு ஒரு வைரஸ் தொற்றியிருந்தது. அவளுக்கு வந்தது வெறும் காய்ச்சல். குழந்தைக்கோ மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, இடது காது கேட்குமா என்ற சந்தேகம். அந்தக் கிருமி சிறு பிள்ளைகளின் எச்சிலில் சாதாரணமாக இருக்குமாம். நாலு வயது மகள் நிங்-நிங் மிச்சம் வைத்ததை யா-லின் அதே கரண்டியால் வழித்துச் சாப்பிட்டதில் வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். (எந்தத் தாய்தான் சாப்பிடமாட்டாள்? இதை அடிக்குறிப்பாக்க நினைத்தேன். அடியில் போட வேண்டிய விஷயமில்லை.)

அன்றிலிருந்து யுங்-சுன் பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னான்: "நான் ஆணி அடிச்சேன்ல, அதான்."

3

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. கோமாளியாக்கி எழுதிப் பார்த்துக் கிழித்தேன். பிறகு மேலே ஏறிப்போய் நேரே கேட்டேன்.

"ஏன்டா, படிச்சவன் பேசுற பேச்சா இது?"

"தம்பி ஏன் சீக்கிரம் வந்துட்டான்னு நிங்-நிங் கேக்குறாக்கா. நாளைக்கு எவனாவது, உன் எச்சில்தான்னு சொல்லிடுவான். அதுக்கு முன்னாடி அந்த ஆணி அவ மனசுல பதிஞ்சிடணும். பழி என்னோட போகட்டும்."

மருத்துவமனைக்கு அனுப்பப் பால் எடுத்துக்கொண்டிருந்த யா-லின் நிமிரவே இல்லை. "பெரியவளானா அவளே தேடிப் படிச்சுடுவா. அப்பா ஏன் பொய் சொன்னாரு, அப்போ தப்பு என்னுதுதானான்னு நினைப்பா. யார் மேலயும் தப்பில்லைன்னு சொல்லிட்டுப் போயேன்."

"நாலு வயசுல அது புரியுமா?"

"உனக்கே புரியலையே."

இருவரையும் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இருவர் பக்கமும் நியாயம் இருந்தால் கதை எழுதுகிறவளுக்குக் கொண்டாட்டம்; அத்தைக்குத்தான் திண்டாட்டம்.

4

முடிவு அ: இரண்டு காதும் கேட்கிறது. எல்லோரும் அழுகிறார்கள். (அடித்துவிட்டேன். பரிசோதனையே இன்னும் நடக்கவில்லை.)

முடிவு ஆ: வருடங்கள் கழித்து, வளர்ந்த நிங்-நிங் ஒரு கதையைப் படிக்க

இங்கே கை நின்றுவிட்டது. அவள் படிக்கப்போவது இதைத்தான். தம்பி மூடி மறைத்ததை நான் அச்சில் ஏற்றுகிறேன். ஆனாலும் கிழிக்க மாட்டேன், நன்றாக வந்திருக்கிறது.

நேற்று நிங்-நிங் வந்து என் மடியில் உட்கார்ந்தாள். எச்சிலைப் பற்றி யாரும் அவளிடம் பேசியதில்லை. வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டிருப்பாள், அவ்வளவுதான்.

"அத்தை, நான் தொட்டா தம்பிக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

நான் ஒரு பதில் சொன்னேன். அதை எழுதப்போவதில்லை. இப்போது அவள் உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு.