சனிக்கிழமை ஒருபொழுது இருந்த மெஷின்

"சார், உங்க மெஷினு பெருமாள் பக்தி உள்ள மெஷினு. சனிக்கிழமை ஆனா ஒருபொழுது இருக்குது. மத்த அஞ்சு நாளும் மணி பன்னெண்டே கால் ஆச்சுன்னா பசி தாங்காம மயக்கம் போட்டு உழுந்துடுது."

தணிகாசலம் இதைச் சொன்ன இடம் டீக்கடையாக இருந்திருந்தால் யாராவது சிரித்துவிட்டு இன்னொரு டீ சொல்லியிருப்பார்கள். அவர் சொன்னதோ சித்தூரிலிருந்து பலமனேர் போகிற சாலையில் உள்ள மாம்பழச் சாறு கம்பெனியில், மெயின்டனன்ஸ் மேனேஜர் ஹரிபாபுவின் மேஜைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

ஹரிபாபு சிரிக்கவில்லை. மேஜை மேல் ஒரு கடிதம் தயாராகக் கிடந்தது. பாட்டில் நிரப்பும் மெஷினின் ஆபரேட்டர் மோகனப்ரியா, கவனக்குறைவின் காரணமாக, திங்கட்கிழமை முதல் பழம் கழுவும் பகுதிக்கு மாற்றப்படுகிறாள். அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மோகனப்ரியா தணிகாசலத்தின் ஒரே மகள். அந்தக் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிற ஒரே பெண்ணும் அவள்தான். இரண்டு வருஷம் கண்ணும் கருத்துமாகக் கற்றுக்கொண்ட வேலை.

"ஏமண்டி தணிகாசலம் காரு, கதை சொல்றதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"கதையே இல்ல சார். கணக்கு." தணிகாசலம் மகளின் நோட்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

மெஷின் நிற்கும் ஒவ்வொரு தடவையும் மோகனப்ரியா தேதியும் நேரமும் குறித்து வைத்திருந்தாள். இருபத்தாறு தடவை. எல்லாமே பன்னிரண்டேகாலை ஒட்டி. எல்லாவற்றிலும் திரையில் வந்தது ஒரே எழுத்து: ஓவர்வோல்டேஜ். அதாவது, மோட்டாரை ஓட்டுகிற டிரைவ் பெட்டிக்குள் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறிவிட்டது, அதனால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டை மறந்துவிட்டுத் தணிகாசலம் அந்த நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இருபத்தாறு தேதியில் ஒன்றுகூடச் சனிக்கிழமை இல்லை.

"எஞ்சினியருங்க ஏழு பேரு வந்து பாத்துட்டாங்க," என்றார் ஹரிபாபு. உண்மையில் வந்தது இரண்டு பேர். ஏழு என்பது தணிகாசலம் தெருவில் சொல்லிச் சொல்லி ஹரிபாபு காதுவரை போய்ச் சேர்ந்த எண்ணிக்கை. "டிரைவையே மாத்திட்டோம். இன்னும் நிக்குது. அப்போ தப்பு ஆபரேட்டர் கிட்டதானே?"

"அவங்க எத்தினி மணிக்கு வந்து பாத்தாங்க?"

"மத்தியானம். ரெண்டு, ரெண்டரை."

"மயக்கம் தெளிஞ்சு ஓடிக்கினு இருக்கும்போது வந்து நாடி புடிச்சா இன்னா தெரியும் சார்? இன்னைக்கு ஒரு நாள், பன்னெண்டு மணிக்கு நான் பக்கத்துல நிக்கறேன். காரணத்த காட்டலன்னா நீங்க கையெழுத்து போடுங்க. நானே பேனா தரேன்."

ஹரிபாபு மகா சந்தேகப் பேர்வழி. திருப்பதியில் குடியிருந்துகொண்டு, மலை அங்கேதான் இருக்கிறதா என்று தினமும் காலையில் மாடியேறிப் பார்க்கிற ஆள் என்று தணிகாசலம் பின்னாளில் சொன்னார். ஆனாலும் சரி என்றார்.

பதினொன்றே முக்காலுக்குத் தணிகாசலம் மெஷின் பக்கத்தில் போய் நின்றார். மின்சாரத் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர் அவர். ஜில்லாவில் ஓடுகிற ஒவ்வொரு வோல்ட்டையும் முகத்தைப் பார்த்தே அடையாளம் சொல்வேன் என்பார். அவருடைய சந்தேகமெல்லாம் வெளி லைன் மேல்தான். நடுப்பகலில் வயல் மோட்டார்களை நிறுத்தினால் லைனில் வோல்டேஜ் கொஞ்சம் தூக்கும். தூக்குகிற வோல்டேஜ்தான் திருடன் என்று மீட்டரை மாட்டிவிட்டுக் காத்திருந்தார்.

மோகனப்ரியா அப்பாவைப் பார்த்தபடியே பாட்டில்களை விட்டுக்கொண்டிருந்தாள். "நைனா, ரொம்பப் பேசிட்டியா உள்ள?"

"கொஞ்சந்தான்."

"உன் கொஞ்சம் எனக்குத் தெரியாதா? பழம் கழுவ அனுப்பிடுவாங்க, பாரு."

பன்னிரண்டு பதினாலு. மீட்டரில் நானூற்றுப் பதினெட்டு. பன்னிரண்டு பதினைந்து. நானூற்றுப் பதினெட்டு. பன்னிரண்டு பதினாறுக்கு மெஷின் டக்கென்று நின்றது. திரையில் அதே சிவப்பு எழுத்து. மீட்டரிலோ நானூற்றுப் பதினெட்டு, ஆணி அடித்தாற்போல.

தணிகாசலத்துக்கு முகம் தொங்கிப்போனது. முகம் பார்த்துப் பழகிய வோல்ட்டுகள் எல்லாம் அவரைத் தெரியாத மாதிரி நின்றன. திருடன் வெளியே இல்லை. அப்படியானால் வோல்டேஜ் உள்ளேயே பிறக்கிறது.

அது எப்படி என்று அவருக்குத் தெரியும். பாட்டில் சுமக்கிற பெரிய சக்கரம் ஒவ்வொரு நிமிஷமும் நாற்பது தடவை ஓடி ஓடி நிற்கிறது. நிற்கிற ஒவ்வொரு தடவையும், திருமலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸைப் போல அதன் வேகம் எங்காவது போய்த் தீர வேண்டும். பஸ்ஸுக்கு பிரேக் சூடாகிறது. இங்கே மோட்டார் அந்த வேகத்தைக் கரண்டாக்கி டிரைவுக்கே திருப்பி அனுப்புகிறது. டிரைவ் அதை ஒரு கம்பிச்சுருள் பெட்டியில் விட்டுச் சூடாக எரித்துத் தீர்க்கிறது. அந்தப் பெட்டி வேலை செய்யாவிட்டால் திரும்பி வந்த கரண்ட் போக வழியில்லாமல் உள்ளேயே குவியும்.

"அம்மாடி, சூடு தீக்கற பெட்டி எங்க இருக்குது?"

"பேனல் மேல நைனா. பின்பக்கம். அதையும் செக் பண்ணிட்டாங்க, நல்லாதான் இருக்குது."

தணிகாசலம் பேனலின் பின்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றார். மூக்கை உயர்த்தினார். எண்ணெய் வாசனை வர வேண்டிய இடத்தில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வாசனை வந்தது. நல்லெண்ணெய் மிதக்கிற, பூண்டு போட்ட, பச்சைப் பிள்ளையும் எழுந்து தட்டைத் தேடுகிற புளிக்குழம்பு.

கீழே ஒரு பழக்கிரேட் கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் ஏறிப் பார்த்தார். கம்பிச்சுருள் பெட்டியின் மேல்வலை மீது, தடித்த பூத்துண்டால் சுற்றிய நாலடுக்கு கேரியர் ஒன்று சாமி மாதிரி உட்கார்ந்திருந்தது. காற்றுப் போகிற வழியெல்லாம் துண்டு. சூடு மிஞ்சினால் பெட்டிக்குள் இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச் கம்பிச்சுருளைக் கழற்றிவிடும். ஆறினால் தானாகவே சேர்த்துவிடும். மத்தியானம் வந்த எஞ்சினியர்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்ததில் என்ன ஆச்சரியம்?

கேரியரை எடுத்துக் கீழே வைத்தார். பத்து நிமிஷம் விட்டு மோகனப்ரியா பட்டனை அழுத்தினாள். மெஷின் ஓடியது. சத்தம் கேட்டு ஹரிபாபு வந்தார்.

"யாரோ சாப்பாடு வெச்சா மெஷின் நிக்குமா? தானா நின்னுச்சு, தானா ஓடுது. தற்செயல்."

"சரி சார், அப்போ திரும்ப வெப்போம்."

கேரியர் துண்டோடு மேலே ஏறியது. மூன்று பேரும் திரையைப் பார்த்து நின்றார்கள். ஐந்து நிமிஷம். ஹரிபாபு கைக்கடிகாரத்தைத் தட்டினார். எட்டு நிமிஷம். தணிகாசலம் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். கடிதத்துக்குத் தன் பேனாவையே கொடுப்பதாகச் சொன்ன வாயை நினைத்துக்கொண்டார். பதினோராவது நிமிஷம் சக்கரம் நிற்கப் போனது, திரையில் வோல்டேஜ் எண் சரசரவென்று ஏறியது, சிவப்பு எழுத்து வந்து உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து, தரை கூட்டுகிற பச்சையம்மாள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து, மூன்று பேரையும் தாண்டி, உரிமையோடு கிரேட் மேல் ஏறினாள்.

"இன்னாம்மா பண்றே?" என்றார் தணிகாசலம்.

"சாரோட கேரியருங்க. திருப்பதிலருந்து காலைல எடுத்தாறாரு, மத்தியானம் துன்னும்போது சில்லுன்னு இருக்குதாம். அஞ்சு வாரம் முன்ன கத்தினாரு இல்ல, 'ஒரு சாப்பாட்டைச் சூடு பண்ண இந்தக் கம்பெனியில ஆள் இல்லையா'ன்னு. அதுலருந்து பன்னெண்டுக்கு இங்க வெச்சு பன்னெண்டே முக்காலுக்கு எடுத்துக் குடுத்துடறேன்."

ஹரிபாபு கேரியரைப் பார்த்தார். துண்டு விலகிய மூடியில் அவர் மனைவி பொறிக்க வைத்த அவர் பெயர் அவரையே பார்த்தது.

"அப்போ சனிக்கிழமை?" என்று கேட்டாள் மோகனப்ரியா.

"சனிக்கிழமை சாருக்கு ஒருபொழுதாச்சே! கேரியரே வராது."

தணிகாசலம் வாயைத் திறந்தார். திறந்த வாயை மகள் ஒரு பார்வையில் மூடினாள். பச்சையம்மாள் எதுவோ தப்பாகிவிட்டது என்று புரிந்து, கேரியரை மார்போடு அணைத்துக்கொண்டு கிரேட் மேலேயே நின்றாள். "நான் எதனா கெடுத்துட்டனா சார்?"

"நீ கீழ இறங்கும்மா," என்றார் ஹரிபாபு. "கத்தினது நான்தானே."

அவருடைய போன் அடித்தது. பெங்களூரிலிருந்து பெரிய மேனேஜர். மெஷின் ஏன் நின்றது, ஆபரேட்டரை மாற்றியாயிற்றா என்று கேட்பது வெளியேயே கேட்டது. ஹரிபாபு தொண்டையைச் செருமினார். 'லூஸ் கனெக்ஷன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மேலே கேட்கப்போவதில்லை. அவர் மோகனப்ரியாவைப் பார்த்தார். அவள் கையில் அந்த நோட்டு இருந்தது.

"ஆபரேட்டர் மேல தப்பு இல்ல சார். மாத்தலை. அந்த லெட்டரை நான் கிழிச்சிடறேன்." மறுமுனை காரணம் கேட்டது. "காரணமா? எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். மெஷின் சனிக்கிழமை ஒருபொழுது இருந்துச்சு. இல்ல சார், விளையாடல. மத்த நாள்ல என் கேரியர் அதுமேல உக்காந்திருந்தது, அதான் நின்னுச்சு. நிஜமா நடந்துச்சு சார். நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."