கரையில் ஐந்து கடிகாரங்கள்

இடது கையில் மணிக்கட்டு தொடங்கி முழங்கை வரை ஐந்து கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மணி காட்டுகிறது, ஒன்றில் நாலரை, ஒன்றில் நாலு முப்பத்தைந்து, என்னுடையது மட்டும் காலை ரேடியோச் செய்தியைக் கேட்டுத் திருத்தியது, தோளில் நாலு பேருடைய சட்டைகள், மடியில் இயற்பியல் புத்தகம், தாமிரபரணிப் படித்துறையில் தண்ணீர் தெறித்தாலும் நனையாத படியாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பத்தொன்பது வயது, இல்லை, முழங்கால் வலிக்கிறதே, அப்படியானால் ஐம்பத்து நான்குதான். ஏல, எறங்குல, என்று மைதீன் கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து கூப்பிடுகிறான், நாலே நாலு ஞாயித்துக்கெழம வா, அப்புறம் நீயே நீந்துவ, நான் இருக்கேம்லா, நான் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறேன், பரீட்சை முடியட்டும்டே. பரீட்சை எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது. கடையநல்லூர்க்காரன் அவன், விடுதியில் என் அறைத் தோழன், கபடி ஆடுவான், மெஸ்ஸில் சமையல்காரர் வராத அன்று எண்பது பேருக்கு உப்புமா கிண்டுவான், டிக்கெட்டுக்கு மட்டும் காசு வைத்துக்கொண்டு கல்கத்தா வரை போய்விட்டு வருவான், நான் அவன் பெட்டியையும் சட்டையையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வேன், மூன்று வருஷமும் அதுதான் என் வேலை.

அம்மா என்னைக் கல்லூரிக்கு அனுப்பியபோது சொன்னது ஒன்றே ஒன்று, ஒனக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல எழுதியிருக்குய்யா, இருபத்தொரு வயசு தாண்டுத வரைக்கும் ஆத்துல காலு நனைக்கப்புடாது. தண்ணீரில் கண்டம் உள்ளவன்தானே முதலில் நீச்சல் பழக வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, பொருள் ஏன் மிதக்கிறது என்று பத்து மதிப்பெண் கேள்விக்குப் படம் வரைந்து எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் நான். கரையில் இருந்தால் கண்டம் தாண்டிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன், அந்தப் பிப்ரவரி ஞாயிறு வரை. விடுதித் தோழன் நம்பிராஜனும் மற்ற இருவரும் எதிர்க்கரை மருதமரத்தடிக்கு நீந்திப் போயிருந்தார்கள், மைதீன் ஒருவன்தான் இந்தப் பக்கம், கசத்தில் பாய்ந்தான், ஆழமான மடுவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர், பாய்ந்தவன் எழும்பவில்லை, விளையாடுகிறான் என்று புத்தகத்தில் ஒரு பக்கம் புரட்டினேன், பிறகு ஒரு கை மட்டும் மேலே வந்தது, போயிற்று. எழுந்து நின்றேன், சட்டைகள் சரிந்து தண்ணீரில் விழுந்தன, நம்பீ என்று கத்தினேன், இன்னொரு படி இறங்கினேன், குதிகால் நனைந்தது, அதற்குமேல் கால் வரவில்லை, அப்போது என் கண் எங்கே போயிற்று தெரியுமா, கைக்குப் போயிற்று. ஐந்து கடிகாரத்திலும் மணி வேறு வேறு, நொடிமுள் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே வேகத்தில் ஓடுகிறது, நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், முப்பது, நாற்பது, அறுபது, நம்பிராஜன் வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்து அவனைப் படியில் போடும் வரை பார்த்தேன். தண்ணீரைக் கக்கிவிட்டு, கண்ணைத் திறந்து, முதலில் என்னைத்தான் பார்த்தான், எத்தன நிமிசம்ல உள்ள கெடந்தேன், ஒன்றே கால் நிமிடம் என்றேன், வாய்மொழித் தேர்வில் பதில் சொல்கிற மாதிரி. இருமிக்கொண்டே சிரித்தான், ஒன் கண்டம் ஆளு மாறி என்னையப் புடிச்சிட்டுல, எனக்குத்தான் சாதகமே கெடையாதே. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்தேனே என்று இன்றைக்கும் கூசுகிறது.

பிறகு தங்கப் பதக்கம், கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியர் வேலை, கல்யாணம், வீட்டுக்கடன், இரத்தக்கொதிப்பு, ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஒழுங்காக நடந்தன, களைப்புத்தான் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் பேசுகிற பொறுப்பு பத்தொன்பது வருஷமாக என் தலையில், அதே தாள், ஓரம் மஞ்சளாகிவிட்டது, மேடையில் ஏறிப் பேசுங்கள், நாலு பேருக்குச் சமைக்கப் பழகுங்கள், ரயிலேறி மொழி தெரியாத ஊருக்குப் போய் வாருங்கள், நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள், இந்த மூன்று வருஷம் திரும்ப வராது. எல்லாம் மைதீன் செய்தவை, நான் செய்தது ஒன்றுகூடக் கிடையாது, அவன் வாழ்க்கையைப் பார்த்து எழுதி என் பெயரைப் போட்டுக்கொண்டேன். இந்த வருஷம் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, சார் நீங்க எங்க நீச்சல் கத்துக்கிட்டீங்க என்றாள், கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், தாமிரபரணியில் என்றேன், கைதட்டினார்கள். கைதட்டல் முடியும் முன்பே குதிகால் நனைந்திருப்பது போல் இருந்தது, குனிந்து பார்த்தேன், காய்ந்த செருப்புத்தான். அன்றைக்கே மைதீனுக்குப் போன் போட்டேன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளைங்ககிட்ட வாத்தியாரு பொய் சொல்லலாமால, சனிக்கெழம பஸ் ஏறு என்றான்.

அதே படித்துறை, படிகள்தான் தேய்ந்துவிட்டன, அவன் இறங்க முடியாது, மூட்டு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் கரையில் உட்கார்ந்திருக்கிறான், நான் சட்டையைக் கழற்றி அவனிடம் கொடுக்கிறேன், வயிறு சரிந்திருக்கிறது, வெட்கமாக இருக்கிறது. மைதீனு, அன்னைக்கு நான் எறங்கலடே, கடியாரத்தப் பாத்துட்டு நின்னேன், என்று முப்பத்தைந்து வருஷம் வாயில் வைத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன், அவன் சட்டையை மடித்துக்கொண்டே, தெரியும்ல, ஒன்னே கால்னு கரெக்டாச் சொன்னியே, அப்பமே தெரியும் என்கிறான். கோபம் இல்லை குரலில், இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடியாரத்தையும் தா, நனைஞ்சிரும், என்று கை நீட்டுகிறான், கழற்றிக் கொடுக்கிறேன், மணிக்கட்டில் வெளுத்த வட்டம் ஒன்று. ஒரு படி, இன்னொரு படி, குதிகால், முழங்கால், இடுப்பு, அங்கனயே நில்லு, மூச்சப் புடி, முங்கு.

முங்கினேன், பச்சையாக இருந்தது, காதுக்குள் அம்மா ஐயா ஐயா என்று கூப்பிட்டாள், ஒரு கை மேலே போயிற்று, அது என் கையா அவன் கையா, மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டே எழும்புகிறேன், எத்தன நொடிடே உள்ள இருந்தேன் என்று கேட்கிறேன், பத்தா, இருபதா. மைதீன் நாற்காலியை விட்டு எழுந்து, அந்த மூட்டோடு இரண்டு படி இறங்கி நிற்கிறான், வேட்டியின் கரை நனைந்துவிட்டது, யாருக்குல தெரியும், நான் ஒன்னையல்லா பாத்துட்டு இருந்தேன் என்கிறான். அவன் கையில் என் கடிகாரம் ஒன்றே ஒன்று, முகம் உள்பக்கமாகத் திரும்பியிருக்கிறது, மணி என்ன என்று இங்கிருந்து தெரியவில்லை, இன்னொருக்கா முங்குல என்கிறான், முங்குகிறேன்.