நடுக்கம் தின்ற மருமகள்

தொழிற்சாலையின் பெரிய மெஷின் நிமிடத்துக்கு எழுநூறு சுற்றைத் தொடும்போதெல்லாம், பின்தெரு முழுவதும் வீடு வாசலோடு நான்கு விரற்கடை வடக்கே நகர்ந்தது. பதினோரு வருடத்தில் தையல்கடை மெயின் ரோட்டுத் தபால் நிலையத்துக்கு எதிரே போய்ச் சேர்ந்துவிட்டது. தபால்காரருக்கு நடை மிச்சம், அவ்வளவுதான். இன்னும் ஒரு மழைக்காலம் போனால் தெரு வந்து கம்பெனியின் புதுக் கிடங்கை இடிக்கும் என்று கண்டுகொண்ட மேனேஜர், நாற்பது நாளில் தெருவையே காலி செய்யும்படி உத்தரவு ஒட்டினார். அதே தெருவில் குடியிருந்து அதே மெஷினைப் பழுதுபார்க்கும் ஃபிட்டரம்மா அதை இரண்டு தடவை படித்தாள். “ஆடுறது அவங்க மெஷின், ஓடுறது நாங்களா? நடக்காது.”

மெஷினின் ஆட்டத்தை வாங்கிக்கொள்ள, அதன் அடியில் ஒரு ஸ்பிரிங் பட்டையில் இருபது கிலோ இரும்புக் குண்டைத் தொங்கவிட்டாள். எழுநூறு சுற்றில் மெஷின் பூனை மாதிரி படுத்துக்கொண்டது. ஆனால் அறுநூற்றைம்பதில் தெரு வடக்கே போனது, எழுநூற்றைம்பதில் தெற்கே. அந்த ஆட்டத்தில் ஊசியில் நூல் கோக்க முடியாத அவளுடைய தையற்காரக் கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஒரு பேயை ஓட்டப் போயி ரெண்டைக் கூட்டிட்டு வந்திருக்கியே, தாயே!”

“ஒரே சுருதியில கட்டிட்டேங்க. அந்தத் திருட்டுக் கழுதை ஆட ஆட சுருதியை மாத்துது. கூடவே மாறுற மாதிரி கட்டுறேன், இருங்க.”

முப்பத்தெட்டாம் நாள், பட்டை வளைய வளைய விறைக்கும்படி இருபுறமும் வளைந்த கட்டைகளைப் பொருத்தினாள். மெஷின் எப்படித் துள்ளினாலும் குண்டு அப்படியே எதிர்த்துள்ளியது. தெரு எந்த வேகத்துக்கும் அசையவில்லை. எல்லார் ஆட்டத்தையும் தன் தலையில் வாங்கிக்கொள்வதால் குண்டுக்கு மருமகள் என்றே பெயர் விழுந்தது. மெஷினின் ஆட்டம் மட்டும் அவளுக்குப் போதவில்லை. ஜன்னல் கண்ணாடிகளின் அதிர்வைத் தின்றாள், பிறகு கிழவர்களின் கைநடுக்கத்தை.

கெடு முடிந்த காலை மேனேஜர் ஆட்களோடு வந்தார். “தெரு நின்னா என்ன? உத்தரவு உத்தரவுதான்.” அவரைக் கண்டாலே முழங்கால் தந்தியடிக்கும் நூற்றுப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றார்கள்; ஒரு முழங்காலும் ஆடவில்லை. தொழிற்சாலைக்குள் மருமகள் மட்டும் மெஷினின் அடி முட்ட ஆடிக்கொண்டிருந்தாள். “போக மாட்டோம் சார்,” என்றார் தையற்காரர், பிறந்ததிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசாதவர். மேனேஜர் கோபத்தில் நடுங்கப் பார்த்தார், அதுவும் வரவில்லை. நடுங்காத கோபத்தை யார் மதிப்பார்கள்? உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

தெரு அங்கேயே இருக்கிறது. முதலாளியைப் பார்க்கப் போகும் நாட்களில் மேனேஜரும் முதலில் வந்து மருமகள் பக்கத்தில் இரண்டு நிமிடம் நிற்கிறார். ஃபிட்டரம்மா எண்ணெய்க் கேனை நகர்த்தி இடம் கொடுக்கிறாள்.