மழை நாளின் மக்னீசியம்

மாடு விழுந்து இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. பண்ணையில் வேலை செய்யும் நைரி சேற்றில் மண்டியிட்டு, மருந்துப் பையை உயர்த்திப் பிடித்திருந்தாள். கால்சியமும் மக்னீசியமும் கலந்த மருந்து, கழுத்து நரம்பு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வேகமாக இறங்கினால் இதயம் நின்றுவிடும். பண்ணைக்காரர் கெல்வின் மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துத் துடிப்பை எண்ணினார்.

"பையைத் தாழ்த்து. மாட்டுக்கு பீரா ஊத்துற?"

தாழ்த்தினாள். மாட்டின் தோல் அலையலையாகத் துடித்தது. மக்னீசியம் குறைந்தால் நரம்புக்கு அடக்கம் போய்விடும். கட்டளையில்லாமலே தசை இழுக்கும். அவளுக்கு அது பாடமாகவே தெரியும். கன்று ஈனும் பருவம் தொடங்கி ஏழு வாரம், ஒரு நாள்கூட விடுப்பில்லை. அவள் விரல்களில், வெந்நீரில் வைத்தெடுத்த பையின் சூடுகூட உறைக்கவில்லை. நேற்று செத்த இரண்டு மாடுகள் வேலியோரம் தார்ப்பாய்க்கடியில் கிடந்தன. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

விலியாமி வாயிற்கதவைத் திறந்து வந்தான். டோங்கா தீவுக்காரன், பண்ணையின் இன்னொரு வேலையாள்; பண்ணை வீட்டிலேயே மனைவி, மூன்று பிள்ளைகளோடு இருந்தான்.

"காலையில புல்லுல மக்னீசியத் தூள் போடணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் கெல்வின், தலை நிமிராமல். "கொட்டகையில நாலு மூட்டை பிரிக்காம கிடக்கு. வேலைப் பலகையில இந்த வாரம் அதுக்கு உன் பேருதான் இருக்கு."

விலியாமி நைரியைப் பார்த்தான். பிறகு மாட்டைப் பார்த்தான்.

"மூணு மாடுப்பா. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடு."

"சரி பாஸ். முதல்ல இவளை எழுப்புவோம்." அவன் மாட்டின் தோளில் தன் தோளைக் கொடுத்தான். "எந்திரிம்மா மகாராணி. உனக்காக நான் குனிஞ்சா என் பொண்டாட்டிக்குப் பொறாமை வரும்."

மாடு எழவில்லை. மருந்து தீர்ந்தது. தோலின் துடிப்பு கழுத்திலிருந்து வயிற்றுக்கு நகர்ந்து, மெல்ல அடங்கியது. குணமாகிறதா, உயிர் போகிறதா என்று நைரிக்குத் தெரியவில்லை. கெல்வின் கையை எடுக்காமல் எண்ணிக்கொண்டே இருந்தார். மழை காலிப் பையில் சொட்டியது. அவள் அதை இன்னும் உயர்த்தியே பிடித்திருந்தாள்.

"கெல்வின்."

"பேசாத. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"நாங்க வேலையை மாத்திக்கிட்டோம், பலகையில மாத்தி எழுதல. எனக்காக அவன் விடியக்காலைக் கறவையை எடுத்துக்கிட்டான். பதிலுக்கு இந்த வாரம் தூள் போடுறது என் வேலை. எப்படியும் மழை கழுவிடும்னு, நாலு நாளா நான் போடவே இல்ல."