நான் கிளட்சை விடவில்லை

சமாதானபுரம் முக்கில் பச்சை விழுந்துவிட்டது, நான் ஓட்டுகிற வேன் நடுங்குகிறது, நடுங்கி நடுங்கி அணைந்தேவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டேன் என்கிறான், உள்ளே ஏழு வீட்டுப் பிள்ளைகள், ஸ்கூல் போகிற நேரம், பெரியவள் மட்டும் ஆன்ட்டி, மறுபடியும் நின்னுட்டுதா என்கிறாள், நான் சாவியைத் திருகுகிறேன், இது போன மாதம் நடந்ததா, இன்று மதியம் கண்ணசந்தபோது வந்த கனவா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, தூக்கத்திலும் என் இடது கால் கிளட்சை மிதித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சாப்பிட வந்த இசக்கிராஜ் அதைப் பார்த்துச் சிரிக்கிறார், கட்டின புருஷன், இருபது வருஷ மெக்கானிக், ஏட்டி, இந்த மிதிய ரோட்டுல மிதிச்சிருந்தா வண்டி ஏன் நிக்கப்போவுது என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

நான் கிளட்சை விடவில்லை, என்றைக்கும் விட்டதில்லை, கியரே போடாமல் சிக்னலில் நிற்கிற வண்டி எப்படிக் கிளட்சால் அணையும், ஏங்க, சூடானா அது தானா நிக்குதுங்க, கொஞ்சம் பாருங்க என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன், விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும்போது ஸ்டார்ட் செய்துவிட்டு நல்லாத்தானட்டி ஓடுது என்பார், ரொம்பக் கெஞ்சினால் கார்பரேட்டரில் ஒரு திருகு திருகி ரேஸைக் கூட்டிவிடுவார், இரண்டு நாள் உறுமும், மூன்றாம் நாள் பழையபடி நிற்கும், புகைச் சோதனையில் ஃபெயில் என்று சீட்டு வந்தபோதும் பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று மடித்து வைத்துவிட்டார், கஸ்டமர் ஒருத்தர் இதையே சொல்லியிருந்தால் முன்சீட்டைத் தூக்கி அடியிலிருக்கிற எஞ்சினைப் பார்த்திருக்க மாட்டாரா, பெண்டாட்டி சொன்னால் மட்டும் காதில் ஏறாது. அதோடு விட்டாரா, முந்தாநாள் ஏழு வீட்டுக்கும் போன் போட்டு, அவளுக்கு ஓட்ட வரலைங்க, திங்கக்கிழமையிலேருந்து வேற டிரைவர் போடுதேன் என்று சொல்லியே விட்டார், எட்டு வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவள் நான், எல்.கே.ஜி.யிலிருந்து பிள்ளையை என்னை நம்பி ஏற்றிவிட்ட ஸ்டெல்லா டீச்சர் நேற்றுக் காய்கறிக் கடையில் வைத்து, பரவால்ல, நீங்க ரெஸ்ட் எடுங்க என்று கனிவாகச் சொன்னாரே, அந்தக் கனிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று சனிக்கிழமை, அவர் சாப்பிட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் போனதும் வண்டியை எடுத்துச் சூடேறும்வரை நாலு தெரு சுற்றினேன், ஒர்க்‌ஷாப் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் முன்சீட்டைத் தூக்கினேன், கார்பரேட்டர் பக்கம் ஓடுகிற ரப்பர் டியூபுகளை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்கிறேன், எதிலும் நடுக்கம் குறையவில்லை, கடைசியில் கேஸ்கட் போன குக்கர் மாதிரி ஸ்ஸ் என்று ஒரு சத்தம், காற்றை உள்ளே இழுக்கிற குட்டிக் குழாய் ஒன்று, அதில் ஒரு துண்டு டியூபைச் செருகி மறுமுனையில் போல்ட்டைத் திருகி அடைத்திருக்கிறது, சூட்டில் காய்ந்து அந்த ரப்பர் பிளந்து கிடக்கிறது, யார் வேலை என்று எனக்குத் தெரியாதா, இரண்டு வருஷம் முன்னால், புகையக் குறைக்க வச்ச வேண்டாத டியூபு, வண்டி ஓட இது எதுக்கு என்று பிடுங்கி எறிந்துவிட்டு அடைத்தவர் இவர்தான், இங்கே பாதி மெக்கானிக்குகள் பெருமையாகச் செய்கிற வேலை. பிளந்த இடத்தை விரலால் பொத்தினேன், நடுக்கம் நின்றது, எடுத்தேன், குலுங்கியது.

கூப்பிட்டேன், வந்தார், பார்த்ததும் முகம் செத்துவிட்டது, சின்ன டியூபுதானட்டி, மாத்திருவோம், கைய எடு என்றார், எடுக்க மாட்டேன், முதல்ல டீச்சருக்குப் போன் போடுங்க என்றேன், வேலைக்காரர்கள் எல்லோரும் ஸ்பேனரும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வேறு வழியில்லாமல் போட்டார், டீச்சர், வண்டில சின்னக் கோளாறு இருந்துச்சு என்று இழுத்தார், நான் விரலை எடுத்தேன், வண்டி குலுங்கத் தொடங்கியது, திரும்பிப் பார்த்துவிட்டு, அவ ஓட்டுனதுல தப்பில்ல டீச்சர் என்றார், விரலை வைத்தேன். யாரு கோளாறுன்னு கேக்காங்க என்று போனைப் பொத்திக்கொண்டு என்னிடம் கேட்கிறார், என்னிடம். மறுபடியும் எடுத்தேன், நடுங்குகிறது, இதோ அணையப்போகிறது, நான்தான் டீச்சர், நான் அடைச்ச அடைப்பு வெடிச்சிப்போச்சு, திங்கக்கிழமை அவளே வருவா என்று ஒரே மூச்சில் சொல்லிப் போனை வைத்தார். சூட்டில் விரல் கொப்பளித்திருந்தது, ஆனாலும் பொத்தினேன், வண்டி அமைதியாக ஓடியது, இன்னும் ஆறு வீடு இருக்கு, போடுங்க என்றேன்.